ஆங்கிலேய நிலக்கிழாரின் வாழ்க்கைக் குறிப்பு: தேதி பிசகாமல் தொகுக்க

காரைக்குடியில் இருந்தபடியே 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நிலக்கிழார், அரசியல்வாதி ஒருவரின் வாழ்க்கையைத் தொகுக்கலாம். முதலில் உயிலைத் தேடுங்கள். சொத்தும் வாரிசும் அதில் தெரியும். கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றம் பதிந்த உயில்கள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பலர் சறுக்குவது தேதியில்தான். இங்கிலாந்தில் 1752-க்கு முன் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட 1649 ஜனவரி 30, அன்றைய ஏடுகளில் 1648. செட்டிநாட்டுப் பழைய பேரேடுகளில் தையும் பங்குனியும் சித்திரையில் பிறந்த ஆண்டின் பெயரிலேயே வருமே, அதே கணக்கு. ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1648/49 என்று இரட்டையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மகன் பிறந்த பிறகு பெற்றோர் மணந்ததாகக்கூட ஆகிவிடும்!

அவர் நாடாளுமன்றத்தில் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பகுதி) உறுப்பினரா, நகருக்கா என்பதையும் குறியுங்கள். அன்று கவுண்டி இடத்துக்கே மதிப்பு அதிகம். அங்கே வாக்களிக்க ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள சொந்த நிலம் வேண்டியிருந்தது.