கெண்டோ போட்டிக்குக் கவசம் வாங்குகிறீர்களா? முதலில் இன்ச் டேப்பை எடுங்கள்

மூங்கில் வாளால் ஆடுகிற ஜப்பானிய வாள் விளையாட்டான கெண்டோ பழகுகிற ஒரு தம்பி, போன மாதம் பாலக்கோட்டிலிருந்து போன் செய்தான். "அக்கா, மூணு மில்லிமீட்டர் தையல் போட்ட கவச செட் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். போட்டிக்கு அதுதானே நல்லது? பணம் கட்டிடட்டுமா?" பல மாதம் மிச்சம் பிடித்த பணம் அது. கொஞ்சம் பொறுடா, முதலில் உன் தலையை அளந்து சொல் என்றேன். பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆலைக்கு இயந்திரம் பொருத்த வந்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர்தான் எனக்கு ஷினாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஷினாய் என்பது நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய பயிற்சி வாள். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய்ப் பயிற்சி எடுக்கிறேன். எட்டு வருடம் ஆகிறது.

கவசம் மொத்தம் நான்கு உருப்படி. தலைக்கும் முகத்துக்கும் தொண்டைக்கும் தோளுக்கும் சேர்த்து மென். கைக்கு கோத்தே. நெஞ்சுக்கும் விலாவுக்கும் தோ. இடுப்புக்கு தாரே. நான்கையும் ஒரே செட்டாக விற்பார்கள். ஆனால் பணத்தையும் கவனத்தையும் நான்குக்கும் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. மென்னும் கோத்தேயும் உடம்புக்குச் சரியாக அமைந்துவிட்டால் மற்ற இரண்டில் சற்று முன்பின் இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

மென்னில் தொடங்குகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது அதில்தான். என் முதல் செட்டை இணையத்தில் ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. எல்லாருக்கும் சேரும் அளவு என்றார், நம்பினேன். வந்து போட்டால் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும். முகக் கூண்டில் குறுக்காக ஓடுகிற கம்பிகள் வழக்கமாக 14 இருக்கும். மேலிருந்து ஆறாவது கம்பிக்கும் ஏழாவது கம்பிக்கும் நடுவில் மட்டும் இடைவெளி கொஞ்சம் அகலம். அதற்கு மோனோமி என்று பெயர். கண் அங்கேதான் நிற்க வேண்டும். என் கண் அதற்கு ஒரு கம்பி மேலே நின்றது.

எதிராளியை மோனோமி வழியாகப் பார்க்க வேண்டும் என்று தாடையைத் தூக்கினேன். தாடை மேலே போனால் தோள் இறுகும், கையும் கூடவே எழும், மணிக்கட்டு திறந்து கிடக்கும். என் முதல் போட்டியில் இரண்டு புள்ளியும் வலது மணிக்கட்டில்தான் போயின. ஐந்து நிமிட ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. என் பயிற்சி போதவில்லை என்றே அன்று நினைத்தேன். அளவு சரியான மென் ஒன்றை இரவல் வாங்கிப் போட்ட நாளில்தான் எனக்குக் காரணம் புரிந்தது.

அதனால் அளவு எடுப்பதைச் சோம்பலில்லாமல் செய்யுங்கள். தையல்காரரிடம் இருக்கிற துணி டேப் போதும். புருவத்துக்குச் சற்று மேலே நெற்றியைச் சுற்றி ஒன்று. தாடைக்கு அடியில் தொடங்கி, காதுக்கு முன்பக்கமாக ஏறி, உச்சந்தலை வழியாகச் சுற்றி வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான். வேறொருவரை வைத்து மூன்று முறை அளந்து, மூன்றும் ஒன்றானால் எழுதுங்கள். தலையில் துண்டு கட்டி அளப்பதா, கட்டாமலா என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

மென் கைக்கு வந்ததும் முதலில் தாடையை உள்ளே வைத்து, அப்புறம் நெற்றியை அழுத்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் திண்டில் பதிய வேண்டும். பொட்டில் வலி இருக்கக் கூடாது. கயிற்றைக் கட்டாமலே தலையை இடவலமாக ஆட்டிப் பாருங்கள், மென் கூடவே திரும்ப வேண்டும். கண் மோனோமிக்குக் கொஞ்சம் கீழே நின்றால் தாடைப் பகுதியில் மெல்லிய பஞ்சுத் திண்டு வைத்து ஏற்றலாம். ஒரு கம்பி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், திண்டு வைத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

கூண்டில் டுராலுமின் என்கிற அலுமினியக் கலப்புலோகம் எடை குறைவு, விலையும் குறைவு. டைட்டானியம் கொஞ்சம் கனம், ஆனால் அடி தாங்கும். பழைய செட் வாங்கினால் ஒவ்வொரு கம்பியிலும் விரலை ஓட்டுங்கள். வளைவோ விரிசலோ தட்டுப்பட்டால் அது முகத்துக்கு ஆபத்து, வேண்டவே வேண்டாம். தொண்டையை மறைக்கிற மடலையும் மடக்கிப் பாருங்கள். அட்டை மாதிரி நொய்ந்து போயிருந்தால் அதுவும் வேண்டாம். தொண்டைக் குத்து இந்த விளையாட்டில் முறையான தாக்குதல், பெரியவர்கள் போட்டியில் நிச்சயம் வரும்.

இனி அந்த மில்லிமீட்டர் கதை. தையல் வரிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளிதான் இந்த எண். இயந்திரத் தையல் செட்டுகள் 2, 3, 5, 6, 8 மில்லிமீட்டர் என்று வரும். கைத்தையலை 'பு' என்ற ஜப்பானிய அளவில் சொல்வார்கள். ஒரு பு ஏறக்குறைய 3.03 மில்லிமீட்டர். எண் சிறியதானால் பாதுகாப்பு கூடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. உள்ளே பஞ்சு, கம்பளி, ஃபெல்ட் என்று அடுக்குகள் இருக்கின்றன. வரிகள் நெருங்க நெருங்க அந்த அடுக்குகள் அமுங்கி, கவசம் மெல்லியதாகவும் விறைப்பாகவும் ஆகும். வரி அகலமானால் உள்ளே காற்று நிற்கும், மெத்தென்று இருக்கும். நெருக்கத் தையலில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. வித்தியாசம் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதில்தான்.

தொழில் பழக்கத்தில் ஒரு செட்டை வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். 3 என்று சொல்லி விற்றது பல இடத்தில் 4-ஐத் தொட்டது. அது எனக்குக் கோபமூட்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை, உச்சிப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் அடிப்பக்கம் வரை அமுங்கிப் போனது. அடி விழுவது அங்கேதானே? அழுத்திப் பாருங்கள். விரல் அமுங்கி, மெதுவாகத் திரும்பி எழ வேண்டும். பாலக்கோட்டுத் தம்பிக்கு நான் சொன்னது 5 அல்லது 6. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அடி வாங்கிப் பழகுகிறவனுக்கு அது போதும், சீக்கிரம் தலைக்குப் படியும்.

கோத்தேக்கு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு அளவு, கட்டைவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றி ஒரு அளவு. பெரிதாக வாங்கினால் உள்ளங்கைத் தோல் சுருங்கி மடிப்பு விழும், ஷினாய் வழுக்கும். சிறிதாக இருந்தால் விரல் நுனி முட்டி நகம் கறுத்துவிடும். போட்டுக்கொண்டு, ஈரத்துணி பிழிகிற மாதிரி இரண்டு கையையும் உள்பக்கமாகத் திருப்புங்கள். மணிக்கட்டு தடங்கலில்லாமல் மடங்கினால் சரி.

கையசைவு சுலபமாக வேண்டும் என்று போட்டிக்காரர்கள் சிலர் ரொம்பக் குட்டையான கோத்தே வாங்குகிறார்கள். அதற்கு விதி இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனத்தின் போட்டி விதிப்படி, கோத்தே முன்கையில் பாதிக்கு மேல் மறைக்க வேண்டும், மென்னின் பக்க மடல் தோள் மூட்டை மறைக்க வேண்டும். விதி இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். குறி தவறிய அடி முழங்கைப் பக்கம் விழுந்தால் வாரக்கணக்கில் வலிக்கும்.

முதலில் தேய்வது உள்ளங்கைத் தோல். சிறு ஓட்டை விழுந்ததுமே ஒட்டுப் போட்டுவிடுங்கள். வாணியம்பாடிப் பக்கம் கிடைக்கிற மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை, கைப்பை தைக்கிற அண்ணன் ஒருவரிடம் கொடுத்துத் தைத்தேன். தடித்த நூல் வேண்டாம், முடிச்சு உள்ளே வரக் கூடாது என்று மட்டும் சொன்னேன். ஒரு வருடம் தாங்கியது.

தோவில் மூங்கிலும் அரக்கும் கொண்டு செய்தது அழகுதான், விலையும் அப்படித்தான். முதல் போட்டிக்கு பிளாஸ்டிக் வகை ரெசினில் வார்த்தது போதும். குனிந்து குந்தி உட்கார்ந்து பாருங்கள். கீழ் விளிம்பு தொடையில் குத்தினால் பெரிது. விலா தெரிந்தால் சிறிது. தாரேயில் பார்க்க அதிகம் இல்லை. பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் சரி, நடு மடலில் பெயர்ப் பை மாட்டிக்கொள்ளுங்கள்.

தலையில் கட்டும் தெனுகுயி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம். அதைத் தனியாக வரவழைக்க வேண்டியதில்லை, மெல்லிய பருத்தித் துண்டை வெட்டி ஓரம் அடித்தால் போதும். கவசத்தின் அவுரிச் சாயம் முதல் சில வாரம் துண்டிலும் கையிலும் இறங்கும். பயப்படாதீர்கள்.

தருமபுரி வெயிலில் ஒரு பயிற்சிக்கே மென் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். ஓசூரில் ஐப்பசி மழைக்காலத்தில் காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். பைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். வியர்வை உப்பைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, மடல்களை விரித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நேர் வெயில் சாயத்தையும் தோலையும் கெடுத்துவிடும்.

புது கோத்தேயை முதல்முறையாகப் போட்டி நாளில் போட வேண்டாம். குறைந்தது இரண்டு மாதம் முன்பே வாங்குங்கள். மென் கயிறு வழக்கமாக 7 ஷாகு, அதாவது ஏறக்குறைய 212 சென்டிமீட்டர். கட்டிய பிறகு முடிச்சிலிருந்து தொங்குவது 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலேயே கட்டி அளந்து, மிஞ்சினால் வெட்டி நுனியைத் தைத்துவிடுங்கள். கூடவே இன்னொரு ஜோடிக் கயிறு பையில் இருக்கட்டும்.