கைக்கட்டியை அடித்து உடைக்காதீர்கள்: கேங்லியான் வந்தால் செய்யக்கூடாதவை

மணிக்கட்டின் மேல்பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று எழும்பியிருக்கும், கையை உள்பக்கமாக மடக்கினால் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும், ஒரு மாதம் பெரிதாகி அடுத்த மாதம் சின்னதாகும். பெரும்பாலும் அது கேங்லியான் நீர்க்கட்டிதான். மூட்டு உறையிலிருந்தோ தசைநாண் உறையிலிருந்தோ சின்னக் காம்பு போட்டு வெளியே பிதுங்கிய பை, உள்ளே கெட்டியான தெளிந்த ஜெல்லி. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது. வலியோ மரத்துப்போவதோ இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம், சில வருடங்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது.

ஆனால் நமக்குத்தான் சும்மா இருக்க வராதே. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பைபிள் மாதிரி தடிமனான புத்தகத்தை எடுத்து ஓங்கி அடித்து உடைப்பார்களாம், இங்கே கட்டைவிரலால் நசுக்குவது, நாணயம் வைத்து இறுக்கிக் கட்டுவது. உடையத்தான் செய்யும், சந்தோஷமாகவும் இருக்கும். அப்புறம்? பையின் சுவரும் காம்பும் அங்கேயே இருப்பதால் திரும்ப நிரம்பிவிடும். மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் எட்டு இருக்கின்றன, அடிக்கிற அடியில் அவற்றில் ஒன்று விரிசல் விட்டால் கட்டியைவிடப் பெரிய தொல்லை.

இதைவிட மோசம், வீட்டில் ஊசியால் குத்துவது. வயதானவர்களுக்கு விரல் நுனி மூட்டில், நகத்துக்குச் சற்று மேலே, மினுமினுப்பாக ஒரு கட்டி வரும், அதன் அழுத்தத்தால் நகத்தில் நீளவாக்கில் பள்ளம்கூட விழும். அடியில் அந்த மூட்டின் தேய்மானம் இருக்கும். கொப்புளம் என்று நினைத்துக் குத்திவிடுகிறார்கள். தோல் அங்கே காகிதம் அளவுக்கு மெல்லியது, கட்டிக்கும் மூட்டுக்கும் நேர்வழி இருக்கிறது, கிருமி உள்ளே போனால் மூட்டிலேயே சீழ் பிடிக்கும். தானாக உடைந்துவிட்டாலும் சுத்தமாக மூடிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள், சிவந்து வீங்கினால் அன்றைக்கே. அதேபோல மணிக்கட்டின் உள்பக்கம் வருவது நாடி பார்க்கிற ரத்தக்குழாயை ஒட்டியே இருக்கும், அங்கே ஊசி போட டாக்டர்களே யோசிப்பார்கள்.

சரி, மேல்பக்கக் கட்டியை டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்தால் தீர்ந்துவிடுமா? பாதிப் பேருக்கு, சில சமயம் அதற்கும் மேல், திரும்ப வரும். குழாயை மூடாமல் வாளியைக் கவிழ்ப்பது மாதிரிதான் அது. அதற்காக டாக்டரைத் திட்ட வேண்டாம், ஜெல்லி வந்தால் இது கேங்லியான்தான் என்று உறுதியாகிறது, வலியும் கொஞ்சம் குறையும். அறுவை சிகிச்சையில் காம்போடு சேர்த்து எடுப்பதால் திரும்ப வருவது குறைவு, ஆனால் வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் அறுவைக்குப் போவது என் பார்வையில் லாபமில்லாத வேலை, கட்டி போன இடத்தில் தழும்பு நிற்கும்.

கையில் வருவதெல்லாம் கேங்லியான் என்று நீங்களே முடிவு கட்டுவதும் தப்பு. இருட்டில் மொபைல் டார்ச்சை ஒட்டிவைத்தால் நீர்க்கட்டி ஒளிரும், சதைக்கட்டி பெரும்பாலும் ஒளிராது. ஆனாலும் டார்ச் டாக்டர் ஆகிவிடாது, சந்தேகமென்றால் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் தெரிந்துவிடும். நம் நாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது காசநோய். உள்ளங்கையிலும் மணிக்கட்டு மடிப்புக்கு மேலேயும் இரண்டு வீக்கம், ஒன்றை அழுத்தினால் மற்றது புடைக்கிறது என்றால் தசைநாண் உறையில் காசநோய் இருக்கலாம், அதற்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும். வேகமாக வளர்வது, கல் மாதிரி அசையாமல் இருப்பது, ராத்திரி வலிப்பது, இதெல்லாம் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை செய்துகொண்டவர்கள் பயந்துபோய் கையை வாரக்கணக்கில் அசைக்காமலே வைத்திருப்பதும் உண்டு. மணிக்கட்டு இறுகிப்போய், பிறகு பிசியோதெரபிக்கு அலைய வேண்டிவரும். கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டலாம், மணிக்கட்டை எப்போது அசைக்கலாம் என்பதை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.