அது சம்பளம் இல்லை: வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருந்தேன். மாதாமாதம் அமெரிக்காவிலிருந்து பணம் வந்து விழும் கணக்கு, அந்தத் தைரியம். மேலாளர் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வருமானம்தான் சார். ஃபார்ம் 16 கொண்டு வாங்க" என்றார். சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் கொடுக்கும் சான்று அது.

"அது கிடையாது சார். கம்பெனி வெளிநாட்டுல இருக்கு."

"அப்ப மூணு வருஷ ஐடி ரிட்டர்ன்?"

ஒரு வருடத்துக்குத்தான் இருந்தது. கோப்பை மூடி என் பக்கமே தள்ளிவிட்டார்.

திருநெல்வேலியில் மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நான், வீட்டாரைப் பொறுத்தவரை மாதச் சம்பளக்காரன். ஒப்பந்தத்தில் இருப்பதோ 'இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர்'. அதாவது, சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறவன். இந்தியாவில் உள்ள ஓர் இடைநிறுவனம் மூலமாக ஆளெடுத்து, பிஎஃப், ஃபார்ம் 16 எல்லாம் தருகிறவர்களும் உண்டு. அப்படி வேலை கிடைத்தால் பாதித் தலைவலி இல்லை. மற்ற பேர் தடுக்கி விழுவதெல்லாம் இந்த வித்தியாசத்தை மறப்பதால்தான்.

முதலில் வரி. "வெள்ளைக்காரன் குடுக்கிற காசுக்கு இங்க எதுக்கு வரி?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கில் வந்துவிட்டால், வருமானம் உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் இங்கே வரி உண்டு. பணம் தரும்போதே வரியைக் கழித்துக்கொள்ளும் டிடிஎஸ் பிடிக்க ஆளில்லாததால் முழுப் பணமும் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். அதில் அரசாங்கத்தின் பங்கும் சேர்ந்தே இருக்கிறது. ஆண்டுக்கான வரி 10,000 ரூபாயை எட்டினால், வருடம் முடியும் முன்பே அதை அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்ட வேண்டும்: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை, ஒவ்வொன்றும் அந்தந்த மாதம் 15ஆம் தேதிக்குள். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி.

முதல் வருடம் நான் செய்தது இன்னொரு கூத்து. வந்த பணத்தையெல்லாம் 'சம்பளம்' என்று போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்தேன். ஆடிட்டர்கள் பழக்கத்தில் 44ஏடிஏ என்று சொல்லும் உத்தேச வரி முறை ஒன்று இருக்கிறது. மென்பொருள், தொழில்நுட்ப ஆலோசனை மாதிரியான தொழில்களில், மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்கமே வாங்காத நம்மைப் போன்றவர்களுக்கு ஆண்டு வரவு 75 லட்சம் வரை இது பொருந்தும். அட்வான்ஸ் டாக்ஸும் மார்ச் 15க்குள் ஒரே தவணை. பாதிக்குக் கட்டியிருக்க வேண்டியவன் முழுசுக்கும் கட்டினேன். நல்ல ஆடிட்டருக்குக் கொடுக்கும் காசு வீண் செலவு இல்லை என்று அப்போது புரிந்தது.

அடுத்தது, பணம் வரும்போது வங்கி கேட்கும் 'பர்ப்பஸ் கோட்', அதாவது அது எதற்கான பணம் என்று சொல்லும் குறியீடு. சுலபமாக இருக்கிறதே என்று குடும்பச் செலவுக்கான பி1301ஐ டிக் அடித்துவிடுகிறார்கள். அது வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு உரியது. மென்பொருள் ஆலோசனை என்றால் பி0802. தப்பாகப் போட்டுவிட்டு, பின்னால் ஜிஎஸ்டியிலோ வருமான வரியிலோ 'இது என் தொழில் வருமானம்' என்று நிரூபிக்கப் போனால் காகிதமே நமக்கு எதிராகப் பேசும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் அந்நியச் செலாவணி ரசீதைக் கேட்டு வாங்கி, இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள்.

மாற்று விகிதத்தையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். 3,000 டாலருக்கு, சந்தை விலையைவிட ஒன்றரை ரூபாய் குறைத்துக் கொடுத்தால் மாதம் 4,500 ரூபாய் காலி. 'கட்டணம் இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கை வைக்கிறார்கள்.

ஜிஎஸ்டியும் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். நாம் வெளிநாட்டுக்குச் செய்து தருவது சேவை ஏற்றுமதி, அதற்கு வரி பூஜ்யம்தான். ஆனால் அதை வரி கட்டாமல் அனுப்ப, எல்யுடி என்ற உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தாச்சு என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு இரண்டும் நம் பொறுப்பு. வேலையை நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் கையெழுத்துப் போடுமுன் படித்துவிடுங்கள். சில ஒப்பந்தங்களில் வெறும் ஒரு வாரம்தான் இருக்கும்.

அப்புறம் கடிகாரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் அது மாலை 6:30 ஆகிவிடும். லண்டன்காரர்கள் மார்ச் கடைசி ஞாயிறுதான் மாற்றுவார்கள். இரண்டு ஊர் ஆட்களும் சேரும் கூட்டம் இருந்தால், நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று வாரத்தில் குழப்பம் நிச்சயம். ஒரு மார்ச் திங்கட்கிழமை நான் சரியாக 7:30க்குக் குளித்து, சட்டை மாற்றி, கேமராவைப் போட்டேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். இப்போது காலண்டரில் அழைப்புகளை எல்லாம் அவர்கள் ஊர் நேரத்திலேயே பதிந்துவைக்கிறேன், மாற்றுகிற வேலையை போன் பார்த்துக்கொள்கிறது.