பீங்கானில் இறங்கிய பழுப்புக் கறையை வெளுக்க வைப்பது எப்படி?

கோப்பையைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே ஒரே படலமாகப் படிந்திருப்பது தேநீர்க் கறை. சமையல் சோடாவைக் குழைத்து ஈரத் துணியால் தேய்த்தால் போய்விடும். கீறல் போலத் தெரியும் சாம்பல் கோடுகள் பெரும்பாலும் கரண்டி உரசி ஒட்டிய உலோகம்; ஆக்சாலிக் அமிலம் கலந்த துலக்கும் தூள் போதும். கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மயிரிழை விரிசல்களை ஒட்டிப் பழுப்பு படர்ந்திருந்தால் கறை மேற்பூச்சுக்கு அடியில் இருக்கிறது. தேய்த்துப் பயனில்லை, ஊறத்தான் வைக்க வேண்டும்.

1. ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவிடுங்கள். விரிசலுக்குள் முதலில் நீர் நிறைந்தால், இளகும் கறை இன்னும் ஆழத்துக்குப் போகாது.

2. கையுறை போட்டுக்கொண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் முழுவதும் மூழ்க வையுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் சரி. உலோகம் பட்டால் திரவம் சீக்கிரம் வீரியம் இழக்கும். வெளிச்சமும் அப்படித்தான், அதனால் இருட்டில் வையுங்கள். ஆக்சிஜன் வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள்.

3. சில நாள் கழித்து எடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

ஒரு தட்டை ஊறவைத்தபோது நான் தடுமாறியது இங்கேதான். உலர உலர விரிசல் ஓரமாகப் பழுப்புத் திட்டுகள் கிளம்பின. பாழாகிவிட்டது என்று நினைத்து அந்தத் தட்டை ஓரங்கட்டிவிட்டேன். உண்மையில் உள்ளிருந்த கறைதான் ஈரத்தோடு மேலே வந்திருந்தது! துடைத்துவிட்டு, புதுத் திரவத்தில் மறுபடி ஊறவைத்தேன். மூன்றாவது சுற்றில்தான் வெண்மை தெரிந்தது. பொறுமையாக இருங்கள்.

பிளீச் வேகமாக வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் உப்பு விரிசலுக்குள் தங்கிப் படிகமாகி மேற்பூச்சைப் பெயர்க்கும். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. விரிசல் விட்ட பீங்கானுக்கு நான் அதைத் தொடவே மாட்டேன்.

பின்சேர்ப்பு: பெராக்சைடோடு வினிகர் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் பெராசெட்டிக் அமிலம் உருவாகும். இன்னொருவர் பசை போட்டு ஒட்டிய குவளையை ஊறவைத்து, ஒட்டு விட்டுப்போனதாகச் சொன்னார். ஒட்டிய பாத்திரத்தையும் தங்க விளிம்பு உள்ளதையும் முழுக்க மூழ்கவைக்காதீர்கள். திரவத்தில் நனைத்த பஞ்சைக் கறை மேல் மட்டும் போட்டு, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள்.