கேஸ் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிப்பது எப்படி?

வரப்புத் தகராறு, கைகலப்பு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசத் திட்டு), 323 (அடித்தது), 506(1) (மிரட்டல்) என்று ஒரு கேஸ். எங்கள் பக்கம் இது தெருவுக்கு ஒருவர் மேலாவது இருக்கும். சித்தி பையன் பாஸ்போர்ட் இதனால்தான் போலீஸ் வெரிஃபிகேஷனில் நின்றது. அவனோடு அலைந்து முடித்துக் கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்குத் தொடங்குவது, அப்பாயின்ட்மென்ட் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

வெறும் எஃப்.ஐ.ஆர். என்றால் பயம் வேண்டாம். பாஸ்போர்ட் சட்டம் 1967, பிரிவு 6(2)(எஃப்) தடுப்பது கோர்ட்டில் நிலுவையில் உள்ள குற்ற வழக்கைத்தான். விசாரணையில் இருக்கும் எஃப்.ஐ.ஆர். அதில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்திவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட் அதைக் கோப்பில் எடுத்து சி.சி. நம்பர் (கோர்ட் வழக்கு எண்) விழுந்திருந்தால் அடுத்த படிகள் உங்களுக்குத்தான்.

ஸ்டேஷனில் விசாரிப்பதைவிட, கோர்ட் கேஸ் நிலவரம் காட்டும் ஈ-கோர்ட்ஸ் ஆப் மேல். பெயர் போட்டுத் தேடாதீர்கள், நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி அடித்திருப்பார்கள். ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர். எண், வருடம் மூன்றையும் கொடுங்கள். வரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: படிவத்தில் ‘ஆம்’ போடுங்கள்

“இல்லைன்னு போடுங்க சார், பாத்துக்கலாம்” என்பார் புரோக்கர். மறைத்தால் பிரிவு 12-ன்படி 2 வருடம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். கையில் இருக்கும் பாஸ்போர்ட்டையும் முடக்கலாம். அப்போது புரோக்கர் போனை எடுக்கமாட்டார்.

படி 3: கோர்ட் உத்தரவு

எங்களை இழுத்தடித்தது இதுதான். 25.8.1993 தேதியிட்ட மத்திய அரசின் ஜி.எஸ்.ஆர். 570(ஈ) அறிவிக்கைதான் உங்களுக்குக் கதவைத் திறப்பது: கேஸ் நடக்கும் கோர்ட்டே வெளிநாடு போக அனுமதித்தால் பாஸ்போர்ட் தரலாம். எத்தனை காலத்துக்கு என்பது உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. காலம் எதுவும் எழுதாவிட்டால் 1 வருடம்தான். 10 வருடம் என்று இருந்தால் 10 வருடம்.

எங்களுக்கு முதலில் வந்த உத்தரவு ‘மனு அனுமதிக்கப்படுகிறது’ என்று ஒரே வரி. காலம் இல்லை. 1 வருட பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வேலை விசா கேட்க முடியுமா? திரும்பவும் மனு போட்டோம்.

அதனால் வக்கீல் மனு தயாரிக்கும்போதே கடைசிப் பக்கத்தில், கோர்ட்டிடம் என்ன கேட்கிறோம் என்று சொல்லும் ‘ப்ரேயர்’ பகுதியை வாங்கிப் படியுங்கள். வெளிநாடு செல்ல அனுமதி, 10 வருடத்துக்குப் புதுப்பிக்க ஆட்சேபம் இல்லை என்ற இரண்டும் அங்கே தனித்தனியாக இருக்க வேண்டும். கோர்ட் கொடுப்பதும் குறைப்பதும் அதன் விருப்பம், ஆனால் கேட்காததை யாரும் கொடுக்கப்போவதில்லை. பெரிய வக்கீல் தேவையில்லை. அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தினமும் நிற்கிறவரே போதும்.

படி 4: கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலோடு, கோர்ட் கூப்பிட்டால் ஆஜராவேன் என்ற உறுதிமொழிக் கடிதத்தையும் பாஸ்போர்ட் ஆபீஸில் கொடுங்கள். அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: “ஃபைன் கட்டி கேஸை முடிச்சாச்சு, இனிப் பிரச்சினை இல்லையே?” என்று கமென்டில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட்டுக்கு இல்லை. பாஸ்போர்ட் சட்டத்தின் பிரிவு 6(2)(ஈ) பிடிப்பது, ஒழுக்கக்கேடான குற்றத்துக்குக் கடந்த 5 வருடத்தில் 2 வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர்களை மட்டும். விசா வேறு கணக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டியதும் தண்டனைதான். அமெரிக்காவின் டி.எஸ்.-160 படிவம் எப்போதாவது கைதானீர்களா என்றே கேட்கும், விடுதலையானவரும் ‘ஆம்’ போட்டுத் தீர்ப்பு நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கனடா போகிறவர்களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்கள் கூடுதல் கவனம். 2018 டிசம்பர் 18 முதல் அங்கே அதற்கு அதிகபட்சத் தண்டனை 10 வருடம், அதனால் குடிவரவுச் சட்டத்தில் கடும் குற்றமாகிவிட்டது. தண்டனை முடிந்து 5 வருடம் கழித்துத்தான், பழைய குற்றத்தை மீறி உள்ளே விடக் கேட்கும் ‘மறுவாழ்வு’ (rehabilitation) விண்ணப்பம் போடலாம். ஃபைன் கட்டிய ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த 5 வருடத்தை எண்ணத் தொடங்குவது அதிலுள்ள தேதியை வைத்துத்தான்.