முதல் பர்ஸ்: மூன்று தோல் துண்டு, இரண்டு ஊசி, ஒரு நூல்

நான் தைத்த முதல் பர்ஸுக்குள் வங்கிக் கார்டு நுழையவில்லை. கார்டை ஸ்கேலில் அளந்தேன், 86 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. தாராள மனதோடு இரண்டு மில்லிமீட்டர் கூட்டி, 88 என்று தோலை வெட்டினேன். இரண்டு ஓரத்திலும் தையல் ஓட இடம் வேண்டுமே என்பது மண்டையில் ஏறவே இல்லை. மூன்று இரவு கண்விழித்துத் தைத்து முடித்து, கார்டை எடுத்துச் செருகப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. இப்போது அதில் என் ஊசிகள் குடியிருக்கின்றன.

பகலெல்லாம் கணக்கு எழுதுகிறவன் நான். ராத்திரி கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான் தோலைத் தொட்டேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் தையலைப் பற்றியதாகவே இருக்கும். தையல் ஒரு வாரத்தில் வந்துவிடும். பர்ஸைக் கெடுப்பது கத்தியும் ஓரமும்தான். அதனால் இதில் அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் தோல். தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல், குரோம் உப்பால் பதனிட்ட தோல் என்று பெரிய பிரிவு இரண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய், கருவேலம்பட்டை போன்றவற்றில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் முதல் வகையைப் பதப்படுத்துகிறது. குரோம் முறைக்கு 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பதிவானது. வேகமாக முடியும், தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீருக்கு அவ்வளவாக அஞ்சாது. இன்று கைப்பை, செருப்பு, சோபா என்று பார்க்கிற தோலில் பெரும்பகுதி அதுதான். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டுமானால் தாவர முறைத் தோலையே வாங்குங்கள். விறைப்பாக இருப்பதால் கத்திக்கு நேராக வெட்டுப்படும். ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் கண்ணாடிபோல மினுங்கும். குரோம் தோலின் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சாகவே நிற்கும். அதற்கு ஓரப் பெயின்ட் அடிக்க வேண்டும், அது தனிக் கலை. வாங்கிய தோல் எது என்று சந்தேகமா? சாயம் ஏற்றாத துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாவர முறைத் தோல் அதைக் குடித்து அந்த இடம் கறுக்கும்.

கனம் 1 முதல் 1.2 மில்லிமீட்டர். சில இடங்களில் அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர், ஆகவே மூன்று அவுன்ஸ் என்று கேளுங்கள். முழுத் தோல் வாங்க வேண்டாம், வெட்டித் தரும் சிறு துண்டு போதும். மாட்டின் வயிற்றுப் பகுதி மலிவாகக் கிடைக்கும், ஆனால் ரப்பராக இழுபடும். தோள்பட்டைப் பகுதி நல்லது. கையில் எடுத்து இரண்டு பக்கமாகவும் இழுத்துப் பாருங்கள். எந்தத் திசையில் குறைவாக நீள்கிறதோ அந்தத் திசையைப் பையின் அகலத்துக்கு வைத்துக்கொண்டால் கார்டு ஏறி ஏறிப் பை தொளதொளக்காது.

கருவிகளுக்கு வருவோம். 'ஆரம்பிப்பவர்களுக்கு' என்று நாற்பது ஐம்பது சாமான்களை ஒரே பெட்டியில் போட்டு விற்பார்கள். நானும் ஒன்று வாங்கினேன். அதில் இன்றும் கையில் எடுப்பது நான்கோ ஐந்தோதான். உங்களுக்கு வேண்டியது நல்ல கட்டர், புது பிளேடுகள், ஸ்டீல் ஸ்கேல், வெட்டுப் பாய், தையல் கோடு போட ஒரு கவராயம், நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் பல் உள்ள துளை உளி (நான்கு பல் ஒன்று, இரண்டு பல் ஒன்று), கொட்டாப்புளி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, 0.6 மில்லிமீட்டர் மெழுகு நூல், பசை, உப்புத்தாள், தேன்மெழுகு. இரும்புச் சுத்தியலால் உளியை அடிக்காதீர்கள், தலை நசுங்கிவிடும். மர உளிக்கு வைத்திருக்கிற கொட்டாப்புளியே போதும். ஊசி ஏன் மழுங்கியிருக்க வேண்டும்? துளையை உளி ஏற்கெனவே போட்டுவிடும். கூரான ஊசி துளைக்குள் கிடக்கும் நூலையே குத்திக் கிழிக்கும்.

இப்போது அளவு. வங்கிக் கார்டு உலகம் முழுக்க ஒரே அளவு: 85.6 க்கு 54 மில்லிமீட்டர், கனம் 0.76. தையல் ஓரத்திலிருந்து 3.5 மில்லிமீட்டர் உள்ளே ஓடும், இரு பக்கமும் சேர்த்து 7. கார்டு தாராளமாகப் போய்வர 5 கூட்டுங்கள். மொத்தம் ஏறத்தாழ 98. உப்புத்தாள் கொஞ்சம் தின்னும் என்பதால் 100 என்று வையுங்கள். 100 க்கு 64 அளவில் நடுப்பலகை, அதாவது நடுவில் வரும் தோல் துண்டு, ஒன்று. 100 க்கு 46 அளவில் பை இரண்டு, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அவ்வளவுதான் வடிவமைப்பு. கார்டின் தலை பைக்கு மேலே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெரியும், விரலால் பிடித்து இழுக்க அது போதும். இதைத் தடித்த அட்டையில் வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து, கார்டை நுழைத்துப் பார்த்த பிறகே தோலைத் தொடுங்கள். என்னைப்போல மூன்று இரவை இழக்க வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் நகத்தை வெட்டுங்கள். சிரிக்காதீர்கள், தாவர முறைத் தோலில் நகம் பட்டால் தழும்பு அப்படியே நிற்கும்.

பிளேடு புதிதாக இருக்கட்டும். கழிவுத் துண்டில் இழுத்துப் பாருங்கள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. கரகரவென்று இழுத்தால், தோல் பிளேடுக்கு முன்னால் சுருண்டால், பிளேடை மாற்றிவிடுங்கள். மழுங்கிய கத்திதான் விரலைப் பதம் பார்க்கும். அழுத்தி அழுத்தி ஒரு கட்டத்தில் அது துள்ளிவிடும். ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள், கத்தி நழுவினாலும் கழிவுப் பக்கம் போகட்டும். ஒரே மூச்சில் வெட்டப் பார்க்காமல் முதலில் லேசாக ஒரு கோடு, அதே தடத்தில் இன்னும் இரண்டு முறை. கத்தி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் மேல்பக்கம் 100, அடிப்பக்கம் 99 என்று வரும்; மூன்று அடுக்கையும் ஒட்டும்போது ஓரம் படிக்கட்டாக நிற்கும். அந்தப் படிக்கட்டை உப்புத்தாளால் சமன் செய்யப் போய் விரலில் கொப்புளம் போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

ஸ்டீல் ஸ்கேல் என்றதும் இன்னொன்று. ஈரத்தோலின் மேல் பழைய இரும்பு ஸ்கேலை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்தால் தோலில் ஒரு கறுப்புக் கோடு, துடைத்தும் போகவில்லை. டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே கணக்கில்தான். ஈரத்தோலுக்குப் பக்கத்தில் துருப்பிடிக்கிற எதையும் வைக்காதீர்கள்.

வெட்டியதும் ஒட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். பொறுங்கள். பை இரண்டின் மேல் ஓரத்தையும் நடுப்பலகையின் மேல் ஓரத்தையும் இப்போதே தேய்த்து முடித்துவிட வேண்டும். ஒட்டித் தைத்த பிறகு பையின் வாய் நடுப்பலகையோடு படிந்துவிடும், அங்கே கை போகாது. தேய்க்கும் விதத்தைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம் பசை. முன்பைக்கு அடியில் வருவது நடுப்பலகையின் வழுவழுப்பான பக்கம். வழுவழுப்பில் பசை பிடிக்காது. ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு உப்புத்தாளால் சுரண்டிவிடுங்கள். பின்பைக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு சொரசொரப்புப் பக்கங்களும்தான் சந்திக்கின்றன. செருப்புக்குப் போடும் கான்டாக்ட் பசை என்றால் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கீழும் இரண்டு பக்கமும்தான் பசை. மேலே தடவிப் பையை மூடிவிட்டவர்களும் உண்டு.

கவராயத்தை 3.5 மில்லிமீட்டருக்குத் திறந்து, ஒரு காலை ஓரத்தில் உரசவிட்டு, தையல் கோட்டைக் கீறுங்கள். உளியை அந்தக் கோட்டில் நிறுத்தி அடியுங்கள். அடுத்த தடவை உளியின் முதல் பல் ஏற்கெனவே போட்ட கடைசித் துளையில் உட்கார வேண்டும், அப்போதுதான் இடைவெளி தப்பாது. மூலைகளுக்கு இரண்டு பல் உளி. பல்லைத் தேன்மெழுகில் ஒரு தடவை குத்தி எடுத்தால் தோலிலிருந்து சிரமமில்லாமல் வெளியே வரும். வெளியே எடுக்கும்போது மறு கையால் தோலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சுமார் 45 துளை வரும்.

நூல், தைக்கிற நீளத்தைப் போல நான்கு மடங்கு. நம் தையல் 18 சென்டிமீட்டர். ஊசியில் கட்டுவதற்கும் சேர்த்து 85 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. பர்ஸை இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே வைத்து முழங்காலால் இடுக்கிக்கொண்டால் இரண்டு கையும் உங்களுடையது. முதல் துளையில் நூலை நுழைத்து இருபுறமும் சமமாக இழுங்கள். அடுத்த துளையில் இடது ஊசி முதலில் போகட்டும். வெளியே வந்த நூலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே துளையில் வலது ஊசி. வலது ஊசி பாதி போனதும் முதல் நூலை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஊசி நூலைக் குத்தவில்லை. பிறகு இரண்டு கையையும் விரித்து ஒரே அளவில் இழுங்கள். நூல் தோலில் படிந்தால் போதும், தோல் சுருங்கும்படி இழுக்க வேண்டாம்.

எந்த ஊசி முதலில், நூலை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்பதில் ஆளாளுக்கு ஒரு வழக்கம். எதுவானாலும் பரவாயில்லை, 45 துளையிலும் அதையே செய்யுங்கள். என் பழைய பர்ஸ் ஒன்றில் தையல் சாய்ந்து சாய்ந்து அழகாக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஓரிடத்தில் நேராகிவிடும். போன் அடித்து எழுந்து போய், திரும்பி வந்து வலது ஊசியில் ஆரம்பித்திருக்கிறேன்.

கடைசித் துளைக்கு வந்ததும் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நூலை ஒட்ட வெட்டுங்கள். பாலியஸ்டர் நூல் என்றால் லைட்டரைக் கிட்டே காட்டினால் முனை உருகி அடங்கும். லினன் நூலுக்கு ஒரு பொட்டுப் பசை. மெஷின் தையலைவிட இது ஏன் உழைக்கிறது என்றால், ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு முறை போகிறது. ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி ஓரம். மூன்று அடுக்கும் ஒன்றாகத் தெரியும்வரை 240, பிறகு 400, பிறகு 600 எண் உப்புத்தாள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி பறக்கும். இரண்டு விளிம்பின் கூர்மையையும் தாளாலேயே மழுக்குங்கள். விரலைத் தண்ணீரில் தொட்டு ஓரத்தில் ஓட்டுங்கள். ஈரம் அவ்வளவுதான். சொட்டச் சொட்ட நனைத்தால் ஓரம் காளான் மாதிரி உப்பிக்கொள்ளும். இப்போது முரட்டு ஜீன்ஸ் துணியைக் கட்டைவிரலில் சுற்றி வேகமாகத் தேயுங்கள். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. துணி சூடாவது தெரியும். அப்புறம் உரசும் சத்தம் மாறும், கை வழுக்கும், பார்த்தால் ஓரம் கறுத்து மினுங்கத் தொடங்கியிருக்கும். 600 தாளை இன்னொரு தடவை லேசாகப் போட்டு, ஈரம், தேய்ப்பு. இரண்டு சுற்று, மூன்று சுற்று. திருப்தியானதும் தேன்மெழுகைப் பூசி மறுபடி தேய்த்துவிடுங்கள். எனக்கு மொத்த வேலையில் பிடித்த பகுதி இதுதான். வீட்டில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத சத்தமும் இதுதான்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் துளைகள் கண்ணுக்குத் தெரியாது. மேஜை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். துளை ஒவ்வொன்றிலும் நிழல் விழும், நாற்பது தாண்டிய கண்ணுக்கும் தெரியும்.

முடிந்ததும் மடிக்கும் பர்ஸுக்குத் தாவ வேண்டாம். இதே கார்டு பர்ஸை இன்னும் இரண்டு செய்யுங்கள். மூன்றாவதில்தான் எங்கே தவறினோம் என்று தெரியும். மடிக்கும் பர்ஸில் வெளித்தோல் உள்தோலைவிட நாலைந்து மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மூடும்போது உள்ளே மடிப்பு மடிப்பாகக் குமியும். அதை மடித்த நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும், விரித்து வைத்து அல்ல.