டிவியோடு இணைத்த கணினியில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதா?

உடனே கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். படம் எப்படித் திக்குகிறது என்று கவனித்தாலே கோளாறு எங்கே என்பது பாதி பிடிபட்டுவிடும்.

முதலில் அந்த ஃபைலை கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.க்கு காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். அங்கே வழுக்கிக்கொண்டு ஓடினால் தப்பு நெட்வொர்க்கிலோ வெளி டிஸ்க்கிலோதான். ப்ளூ-ரே படத்தில் வீடியோ மட்டும் 40 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்) வரை போகும், 4கே ப்ளூ-ரே 100-ஐயே தாண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு மல்லுக்கட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைத் தாங்காது. லேன் கேபிள் போட்டும் திக்கினால், செட்டிங்ஸில் ஈதர்நெட் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால் பெரும்பாலும் கிரிம்பிங்தான், அதாவது கேபிள் முனையில் கனெக்டரைப் பொருத்திய விதம்தான் காரணம். கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம்.

எஸ்.எஸ்.டி.யிலும் திக்குகிறதா? வி.எல்.சி. பிளேயரில் படம் ஓடும்போதே கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), ஃப்ரேம் ரேட் இரண்டும் தெரியும். ஸ்டாடிஸ்டிக்ஸ் பக்கத்தில் 'லாஸ்ட்' எண் ஏறிக்கொண்டே போனால் டிகோடிங், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்தெடுக்கும் வேலை, திணறுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு.வைத் திறந்து 'வீடியோ டிகோட்' கோட்டைப் பாருங்கள். அது தரையோடு கிடக்க, சி.பி.யு. மட்டும் 90 சதவீதத்தில் முக்கிக்கொண்டிருந்தால், மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். வி.எல்.சி. பிரிஃபரன்ஸஸில் 'இன்புட் / கோடெக்ஸ்' போய் ஹார்ட்வேர் டிகோடிங்கை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவரே ஏறவில்லை, மற்றதெல்லாம் அப்புறம்.

படத்தின் கோடெக்கை விரிக்கும் வித்தை சில்லுக்கே தெரியாவிட்டால் எந்த செட்டிங்கும் உதவாது. இன்டெலில் 6-ஆம் தலைமுறை 8-பிட் ஹெச்.265 கோடெக்கைச் சமாளிக்கும். 4கே ஹெச்.டி.ஆர். படங்களின் 10-பிட்டுக்கு 7-ஆம் தலைமுறை வேண்டும், ஏவி1 கோடெக்குக்கு 11-ஆம் தலைமுறை. கார்டு வாங்குவது இங்கேதான் நியாயம். என்விடியா ஜி.டி. 1030 போன்ற சின்ன கார்டே 10-பிட் ஹெச்.265-க்குப் போதும், ஆனால் அதில் ஏவி1 கிடையாது. யூடியூப் மட்டும் திக்கினால் செலவே வேண்டாம்: பிரவுசரில் எச்264ஐஃபை எக்ஸ்டென்ஷனைப் போட்டால் பழைய சில்லும் சமாளிக்கும் ஹெச்.264 கோடெக்கில் வீடியோ வரும். அதிகபட்சம் 1080பி, அவ்வளவுதான்.

'லாஸ்ட்' பூஜ்யமாகவே நிற்கிறது, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் வெட்டி வெட்டிப் போகிறது என்றால் கணினியின் சக்தியில் குறையில்லை. பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதில்தான். சினிமா விநாடிக்கு 23.976 ஃப்ரேம், டிவி 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகத்தில் நிற்கிறது. கணக்கு சமமாகப் பிரியாததால் ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. கோடி (Kodi) பிளேயரில் செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் என்று போய் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்'டை 'ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்' ஆக்குங்கள். கையால் மாற்றுவதானால் 23.976-ஐத் தேர்ந்தெடுங்கள், சில இடங்களில் அது வெறும் 23 என்றே இருக்கும். கிட்டத்தட்ட அதேதானே என்று 24 வைத்தால், ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன உதறல் வரும்.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் திக்குவது சூடு. மூடிய டிவி அலமாரிக்குள் கணினியை வைத்தவர்களுக்கு இது சகஜம். திக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. வேகம் பாதியாக விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபேனிலும் ஹீட்சிங்க்கிலும் உள்ள தூசியை ஊதித் தள்ளுங்கள். சி.பி.யு.வுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிதாக வைத்து மூடுங்கள். அலமாரியின் பின்பலகையில் காற்று வெளியேற ஒரு துளையும் வேண்டும்.